லாரி ஏறும் பாதைக்கு அடியில் இரட்டைச் சுவர் நெளிகுழாய்: கடற்கரை மணலில் போட்டுப் பார்த்த ஒரு மதிப்புரை

இராமநாதபுரம் கடற்கரையில் மீன் கம்பெனி, ஐஸ் பேக்டரி, கருவாட்டுக் கிடங்கு என எதை நடத்தினாலும், வாசலுக்குக் குறுக்கே ஒரு வடிகால் போயே ஆக வேண்டும். அந்த வடிகாலின் மேல் லாரி ஏறியே ஆக வேண்டும். தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரை இதே நிலைமைதான். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரும் கழுவிய தண்ணீரும் ஒரு பக்கம் இருந்து மறுபக்கத்துத் தொட்டிக்குப் போக வேண்டும். நடுவில் குளிர்பதனக் கூண்டு வண்டியும், தண்ணீர் டேங்கரும், சமயத்தில் ஜேசிபியும் வந்து நிற்கும். அந்த இடத்தில் புதைப்பதற்காக நாங்கள் வாங்கிய 300 மி.மீ. டி.டபிள்யூ.சி. (டபுள் வால் காருகேட்டட், அதாவது இரட்டைச் சுவர் நெளி) குழாயைப் பற்றியும், அதை விற்ற கடையைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

கடைகளில் 'டபுள் வால் பைப்' என்று கேட்டாலே எடுத்துக் காட்டுகிறார்கள். எச்.டி.பி.இ. பிளாஸ்டிக்கால் ஆன இக்குழாயின் வெளிச்சுவர் கறுப்பாகவும் வளையம் வளையமாகவும் நெளிந்திருக்கும். உட்சுவர் வழவழப்பாக இருக்கும். ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு குழாயை இரண்டு பேர் தோளில் வைத்து நடந்துவிடலாம். இதற்குரிய இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 16098, பகுதி 2. குழாயின் மேல் அந்த எண்ணோடு எஸ்.என். 4 அல்லது எஸ்.என். 8 என்றும் அச்சிட்டிருக்கும். இது வளைய விறைப்பைக் குறிக்கும் எண். குழாயை மேலிருந்து அமுக்கினால் அது எவ்வளவு பிடிவாதமாக வட்டமாகவே நிற்கும் என்பதைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ நியூட்டன் என்று சொல்கிறது. நாங்கள் வாங்கியது எஸ்.என். 8. வாகனம் ஏறும் இடத்துக்கு எஸ்.என். 4 வேண்டாம் என்பது என் கருத்து. விலை வித்தியாசம் அதற்காகத் தயங்கும் அளவுக்கு இல்லை.

இதற்கு முன் அங்கே கிடந்தது வீட்டுக் கழிவறைகளுக்குப் போடும் 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். பி.வி.சி. குழாய். இடத்தை முன்பு குத்தகைக்கு வைத்திருந்தவர் போட்டது. அது நசுங்கி, நீளவாக்கில் பிளந்து, மணலால் அடைபட்டுக் கிடந்தது. அந்தக் குழாயின் மேல் குற்றமில்லை. அதற்குரிய தரக் குறியீடான ஐ.எஸ். 13592, கட்டடத்துக்கு உள்ளே கழிவுநீரும் மழைநீரும் இறங்குவதற்கான குழாய் என்றே அதை வகைப்படுத்துகிறது. லாரியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அதிலும் 'ஏ' வகை, 'பி' வகை என்று இரண்டு உண்டு. 110 மி.மீ. அளவில் முதலாவதன் சுவர் 2.2 மி.மீ., இரண்டாவதன் சுவர் 3.2 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் குழாயின் விறைப்பு சுவர்த் தடிமனின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மாறுவதால், இரண்டாவது வகை முதலாவதைப் போல மூன்று மடங்கு விறைப்பானது. தோண்டி எடுத்த துண்டில் இருந்தது மெல்லிய 'ஏ' வகை. மண்ணுக்குள் புதைப்பதற்கென்றே பி.வி.சி.யில் தனியாக ஐ.எஸ். 15328 குழாய் இருக்கிறது. சிறிய விட்டம் போதும் என்பவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம்.

சிமெண்ட் குழாயையே போட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஐ.எஸ். 458 தரத்தில் வரும் ஹியூம் பைப்பில் என்.பி. 2, என்.பி. 3, என்.பி. 4 என்று வகுப்புகள் இருக்கின்றன. நடுத்தரப் போக்குவரத்துக்கு மூன்றாவது, கனரகப் போக்குவரத்துக்கு நான்காவது. மண் சற்று ஏமாற்றினாலும் தன் சுவரின் பலத்தால் அது நின்றுவிடும். ஆனால் நம் பக்கத்தில் நிலத்தடி நீரே உப்பு. உள்ளே ஓடுவதும் உப்பு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, சுவரை உதிர்ப்பதற்குக் கடலோரத்தில் எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை. 1980களில் கட்டிய எந்தக் கட்டடத்தின் சன்ஷேடைப் பார்த்தாலும் தெரியும். மீன்கழிவு அழுகும்போது எழும் வாயுவும் கான்கிரீட்டை அரிக்கும். அதோடு, 300 மி.மீ. என்.பி. 3 குழாய் ஒன்றின் எடை கால் டன்னுக்குக் குறையாது. இறக்க ஜேசிபி வேண்டும், மணல் சரியும் பள்ளத்துக்குள் அதை நேராக வைப்பது பெரும்பாடு. துருவும் எடையும்தான் எங்களைப் பிளாஸ்டிக்கின் பக்கம் தள்ளின.

இனிமேல்தான் இந்தப் பொருளின் சூட்சுமம். கான்கிரீட் குழாய் பாரத்தைத் தானே தாங்குகிறது. பிளாஸ்டிக் குழாய் அப்படித் தாங்குவதில்லை. மேலே பாரம் வரும்போது அது சற்றே தட்டையாகி, தன் இரு பக்கங்களையும் வெளியே தள்ளுகிறது. பக்கத்து மண் இறுக்கமாக இருந்தால் 'இதற்கு மேல் வராதே' என்று அது எதிர்த்துத் தள்ளும். அந்த எதிர்ப்பில்தான் குழாய் நிற்கிறது. அமெரிக்காவின் அயோவாவில் ஸ்பாங்ளர் என்ற பொறியாளர் 1941-இல் இதற்கு ஒரு சூத்திரம் வகுத்தார். 1958-இல் வாட்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து அது திருத்தப்பட்டது. அந்தச் சூத்திரத்தின் கீழ்ப்பகுதியில் இரண்டு உறுப்புகள் கூட்டப்படுகின்றன: ஒன்று குழாயின் விறைப்பு, மற்றொன்று பக்கத்து மண்ணின் விறைப்பு. எண்களைப் போட்டுப் பார்த்தால், நன்றாகத் திமிசு போட்டு இறுக்கிய மண்ணின் பங்கு குழாயின் பங்கைவிடப் பல மடங்கு பெரிதாக வருகிறது. ஆகையால் கடையில் காசு கொடுத்து நாம் வாங்கி வருவது பாதிப் பொருள்தான். மீதிப் பாதியைப் பள்ளத்தில் நாமே செய்துகொள்ள வேண்டும். இந்தப் பொருளைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது பாதியைப் பற்றியவை என்றே நினைக்கிறேன்.

ஆழம் பற்றியும் சொல்ல வேண்டும். 2018-இல் மத்திய அரசு அச்சுப் பாரத்தின் வரம்பை உயர்த்திய பிறகு, இரட்டை டயர் பூட்டிய ஒற்றைப் பின்அச்சுக்கு 11.5 டன் வரை சட்டமே இடம் கொடுக்கிறது. முன்பு அது 10.2 டன். ஒரு பக்கத்துச் சக்கரங்களுக்கு ஐந்தே முக்கால் டன் வருகிறது. இந்தப் பாரம் மண்ணுக்குள் இறங்க இறங்கப் பரவிக் குறையும். ஆழம் பாதியானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பது இதன் கணக்கு. ஒரு மீட்டர் ஆழத்தில் சக்கரத்துக்கு நேர் கீழே சதுர மீட்டருக்கு 2.7 டன்னாக இருப்பது, அரை மீட்டரில் 11 டன் ஆகிறது, 30 செ.மீ.யில் 30 டன்னை எட்டுகிறது. சக்கரம் ஒரு புள்ளி அல்ல, அதற்கும் ஒரு பரப்பு உண்டு என்பதால் ஆழம் குறைந்த இடங்களில் உண்மையான எண் இதைவிடக் குறையும். ஆனாலும் போக்கு இதுதான். மறுபுறம், மிக ஆழத்தில் புதைத்தால் லாரியின் பாரம் மறைந்து மண்ணின் சொந்த எடை முன்னுக்கு வந்துவிடும். ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் மண் மேலே இருப்பது குழாய்க்குச் சுகமான நிலை.

அந்தச் சுகம் நம் கடற்கரையில் கிடைப்பதில்லை. தரை சமம், வடிகால் போய்ச் சேரும் தொட்டியின் வாய் உயரம் நம் விருப்பத்துக்கு இறங்காது, ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு அடி தோண்டினாலே தண்ணீர் கண்டுவிடும். எங்கள் குழாய்க்கு மேலே, பிறகு போட்ட கான்கிரீட் பலகையையும் சேர்த்தே, 45 செ.மீ.தான் வாய்த்தது. அமெரிக்காவில் இத்தகைய நெளிகுழாய்களுக்குச் சாலை வாகனங்களின் கீழ் 12 அங்குல மூடலே (குழாயின் உச்சிக்கு மேலே உள்ள மண்ணின் கனம்) போதும் என்று தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். அங்கே கணக்கில் கொள்ளும் எச்-20 என்ற அச்சுப் பாரம் ஏறத்தாழ பதினான்கரை டன், நம் சட்ட வரம்பைவிட அதிகம். அதைப் படித்துவிட்டு நம்மவர்கள் ஒரு அடி போதும் என்று முடிவு கட்டக் கூடாது. அந்த 12 அங்குலம், குழாயைச் சுற்றிப் பொறுக்கியெடுத்த ஜல்லி மண்ணை அடுக்கடுக்காக இறுக்கியிருந்தால் மட்டுமே செல்லும். அங்கும், வேலை நடக்கும்போது ஏறும் கனரக இயந்திரங்களுக்கு மூன்றடி வரை மூடல் கேட்கிறார்கள். நம் ஊரில் குழாயைப் போட்ட அன்றே ஜேசிபி அதன் மேல் ஏறி மண்ணைத் தள்ளுகிறது. பல குழாய்களுக்கு அன்றைக்கே ஆயுசு முடிந்துவிடுகிறது. தெரிவது மட்டும் அடுத்த மழையில்.

மணலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. கடற்கரை மணல் கெட்ட மண் என்பது உண்மையல்ல. நன்றாக இறுக்கிய மணல் களிமண்ணைவிடச் சிறந்த பக்கபலம். அது ஓடிவிடும் என்பதுதான் அதன் குறை. இணைப்பில் ஊசி நுழையும் இடைவெளி இருந்தாலும், நிலத்தடி நீர் ஏறி இறங்கும்போது மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் கசிந்துவிடும். பக்கத்தில் வெற்றிடம் விழும். பிடிமானம் போன குழாயை அடுத்த லாரி தட்டையாக்கும். ஒன்றரை அங்குல ஜல்லியை வெறுமனே கொட்டி அதன் மேல் குழாயை வைப்பதும் இதே விளைவைத் தரும், ஏனென்றால் சுற்றியுள்ள மணல் ஜல்லியின் இடுக்குகளுக்குள் இறங்கிவிடுகிறது. ஜல்லி போடுவதானால் தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணியால் அதைச் சுற்றி மூட வேண்டும். இல்லையேல் சிறு ஜல்லியும் குவாரி டஸ்ட்டும் கலந்த, இடுக்கில்லாத கலவையைப் போட வேண்டும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம்.

மணலில் தண்ணீரை விட்டால் தானாக அமுங்கிவிடும் என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். ஓரளவு அமுங்கும், அதிரும் தகட்டு இயந்திரம் தரும் இறுக்கம் அதில் வராது. மேலும், காலியான குழாய் உள்ள பள்ளத்தில் தண்ணீரை நிரப்புவது கட்டுமரத்தைக் கடலில் இறக்குவது போன்றது. 300 மி.மீ. குழாயைத் தண்ணீர் மீட்டருக்கு 90 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு மேலே தூக்கும். குழாயின் சொந்த எடையோ மீட்டருக்குச் சில கிலோக்கள்தான். அரையடி எழும்பி நின்றால் சரிவு கெட்டது, இணைப்பும் விட்டது. மேலே மூடல் முழுதும் ஏறிய பிறகு அந்தக் கவலை இல்லை. ஏறும் வரை பம்பை நிறுத்தக் கூடாது. எங்கள் வேலையைச் செய்தவர்கள் இதைப் புரிந்துகொண்டு, பள்ளத்தின் மூலையில் ஒரு குழியெடுத்துக் கடைசி வரை நீரை இறைத்தார்கள்.

பள்ளத்தைக் குழாயின் அகலத்துக்கு மட்டும் வெட்டினால் பக்கத்தில் எதையும் இடிக்க முடியாது. இருபுறமும் ஒரு சாண் இடமாவது தேவை. குழாயின் அடிவயிற்றுக்கு இரு பக்கமும் உள்ள வளைவுதான் இயந்திரம் எட்டாத இடம். அங்கே கலவையைக் காலாலும் கட்டையாலும் திணித்து, பிறகு 15 செ.மீ. அடுக்குகளாக இரு பக்கமும் சமமாக ஏற்றித் திமிசு போட்டார்கள். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் நிரப்பினால் குழாய் நகர்ந்துவிடும். பக்கங்கள் இறுகும்போது குழாய் மேல்நோக்கிச் சற்றே நீண்டு நிற்பதை அளந்து பார்த்தோம். அது நல்ல அறிகுறி, பிறகு வரும் பாரம் அதை வட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். குழாயின் உச்சிக்கு மேலே ஒரு அடி மண் ஏறும் வரை நேராக அதன் தலையில் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. பலகைக்கு இடம் விட்டால் எங்களுக்கு அந்த ஒரு அடியே கிடைக்காததால், 25 செ.மீ. மண்ணைக் கையால் இடித்துவிட்டு, அதற்கு மேல் 20 செ.மீ. கனத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் பலகை போட்டோம். பலகை பள்ளத்தைத் தாண்டி இரு பக்கமும் தோண்டப்படாத கெட்டி மண்ணில் உட்கார்ந்திருக்கிறது, குழாயைத் தொடவில்லை. கம்பிக்கு 50 மி.மீ. கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்) விட்டோம், உப்புக் காற்றுக்கு அதைவிடக் குறைத்தால் பலகையும் சன்ஷேடு வழிக்கே போகும். குழாயைச் சுற்றியே கான்கிரீட் கொட்டிவிடலாம் என்று ஒரு கொத்தனார் யோசனை சொன்னார். அரைகுறையாகக் கொட்டினால், கான்கிரீட் முடியும் விளிம்பில் குழாய் வெட்டுப்படும் என்பதால் ஏற்கவில்லை.

சோதனைக்கு அதிகச் செலவில்லை. இத்தகைய குழாய்களில் விட்டம் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் குறுகக் கூடாது என்பது வழக்கமான வரம்பு, 300 மி.மீ.க்கு அது 15 மி.மீ. பிளைவுட்டில் 28.5 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டு ஒன்று வெட்டி, இரு பக்கமும் கயிறு கட்டிக் குழாய்க்குள் இழுத்தோம். மூடி முடித்தபோதும் போயிற்று. வடகிழக்குப் பருவமழை முடிந்து, டேங்கர்களும் ஐஸ் லாரிகளும் ஒரு பருவம் முழுக்க ஓடிய பிறகும் எங்கும் சிக்காமல் போயிற்று. இதை வைத்தே பொருளுக்கு என் நற்சான்றைத் தருகிறேன். ஒரு கட்டுப்பாடு மட்டும் விதித்திருக்கிறோம்: குழாயின் மேல் வண்டி கடந்து போகலாம், சரக்கோடு இரவு முழுக்க நிற்கக் கூடாது. எச்.டி.பி.இ. நீண்ட காலப் பாரத்துக்கு மெல்ல மெல்ல இணங்கிவிடும் பொருள். அமெரிக்க நெடுஞ்சாலை வடிவமைப்பில் ஐம்பது ஆண்டுக் கணக்குக்கு அதன் விறைப்பை, குறுகிய காலத்துக்குரியதில் ஐந்தில் ஒரு பங்காகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

குறைகளும் உண்டு. இணைப்பில் நீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் நெளிவின் எந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும் என்பதற்குக் குழாயில் அடையாளம் ஏதுமில்லை. தவறான பள்ளத்தில் மாட்டினாலும் இரு குழாய்களைச் சேர்க்கும் கப்ளர் ஏறிவிடும், நீர் நிற்காது. சீமைக் கருவேல வேருக்கு அந்தச் சிறு வழியே போதும். இந்தக் குழாயோடு 110 மி.மீ. கிளைக்குழாயை இணைக்கும் உதிரிபாகம் எளிதில் கிடைப்பதில்லை. துளையிட்டு எம்-சீல் பூசுவது இரட்டைச் சுவருக்கு நடுவே தண்ணீரை விடுவதில்தான் முடியும். ஆகவே கிளை சேரும் இடத்தில் செங்கல் தொட்டி கட்டிவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை தீப்பிடிக்கும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. குப்பையைக் கொளுத்துகிறவர்களுக்கு வடிகால் வாய் வசதியான இடம், எச்.டி.பி.இ. பற்றிக்கொண்டால் மெழுகைப்போல் உள்ளே நோக்கி எரிந்துகொண்டே போகும். முனையைக் கல்கட்டுச் சுவருக்குள் அடக்குவது நல்லது.

கடையின் சேவையைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இராமநாதபுரம் நகரத்துக் கடை. கேட்ட நாளில் குழாயை இறக்கினார்கள், ஒரு முனை நசுங்கியிருந்த குழாயை மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள், வளையமும் மசகும் எண்ணிக் கொடுத்தார்கள். அச்சிட்ட குறியீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும் என்றபோது முகம் சுளிக்கவில்லை. ஆனால் "லாரியே ஏறினாலும் ஒன்றும் ஆகாது அண்ணே" என்ற ஒரே வாக்கியத்தோடு விற்பனை முடிந்துவிட்டது. எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன மண், வண்டி கடக்குமா அல்லது நிற்குமா என்று ஒரு கேள்வியும் வரவில்லை. கொடுத்த துண்டறிக்கையிலும் கனரக வாகனங்களைத் தாங்கும் என்று பெரிய எழுத்தில் இருந்ததே ஒழிய, மூடல் ஆழம் எங்கும் இல்லை. தயாரிப்பாளர் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படத்தை அதில் சேர்த்தால் பல பேருடைய பணம் மிஞ்சும்.

மீன் கம்பெனி வாசல், கிடங்குப் பாதை, வயலுக்கு டிராக்டர் இறங்கும் இடம் போன்றவற்றுக்கு இந்தக் குழாயைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் திமிசு இயந்திரத்துக்கான வாடகையையும் குவாரி டஸ்ட்டுக்கான செலவையும் குழாய் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். மேலே ஒரு அடி மண்ணும் கிடைக்காத இடத்தில், 300 மி.மீ. குழாய் ஒன்றுக்குப் பதிலாக 200 மி.மீ. குழாய்களை இடைவெளி விட்டு இரண்டு மூன்றாகப் பக்கத்தில் போட்டு மூடலைக் கூட்ட முடியுமா என்று பாருங்கள்; குழாய்களுக்கு நடுவே உள்ள மண்ணையும் இடித்து இறுக்க இடம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். கரையேற்றிய விசைப்படகை இரும்புச் சக்கரத் தள்ளுவண்டியில் இழுக்கும் படகுத்துறைப் பாதைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். காற்றில்லாத சக்கரம் பாரத்தை ஒரு கோடாகத் தரையில் இறக்குகிறது, படகு மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கவும் செய்கிறது. அங்கே திறந்த கால்வாய் கட்டி, கழற்றி மாட்டக்கூடிய கனமான பலகை போட்டு மூடுவதே சரி.